ராடு ஒட்டுது, பிரேக்கர் விழுது: வீட்டு வெல்டிங் மெஷினின் கரண்ட் கோளாறைத் தேடிப் பிடிப்பது எப்படி

வெல்டிங் மெஷினைப் புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். ராடை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் நிற்கவே மாட்டேன் என்கிறது என்பது ஒன்று. ரெண்டு இழுப்பு இழுப்பதற்குள் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டாகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உடனே மெஷின் மேல்தான் சந்தேகம் வரும், கை ஸ்குரூடிரைவரைத் தேடும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மீட்டர் போர்டில் தொடங்கி ராடு நுனி வரை கரண்ட் வரும் பாதையில் மெஷின் ஒரு பகுதிதான். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கும்.

மெஷினைத் திறக்க வேண்டாம் என்பதற்கு உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் மெஷின் (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும் வெல்டிங் மெஷின், வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) உள்ளே வரும் 230 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக மாற்றிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. அங்கே இருப்பது 325 வோல்ட் அளவுக்கு டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நிமிடங்கள் நிற்கலாம், உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் போயிருந்தால் இன்னும் நெடுநேரம் நிற்கும். கீழே சொல்லும் எல்லாமே மூடியைத் திறக்காமல் செய்யக்கூடியவை. வீட்டு போர்டைத் திறக்கும் வேலை வந்தால் அது எலக்ட்ரீஷியனுக்கு.

முதலில் தகட்டைப் படியுங்கள்

மெஷினின் பின்னாலோ அடியிலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் 160, 200 என்ற எண்களைப் பார்க்காதீர்கள், அது ராடுக்குப் போகும் கரண்ட். உங்களுக்கு வேண்டியது மெஷின் சுவரிலிருந்து இழுக்கும் கரண்ட். ஐ1 மேக்ஸ், ஐ1 எஃபெக்டிவ் என்று இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். முதலாவது, முழுசாகத் திருப்பி வைத்து வெல்டு அடிக்கும்போது அந்த நேரத்துக்கு இழுக்கும் கரண்ட். இரண்டாவது, நடுநடுவே ஓய்வு கொடுப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட சராசரி மாதிரியான எண். உச்ச கரண்ட் 29 ஆம்பியர், 10 நிமிடத்தில் 3 நிமிடம் மட்டும் வெல்டு (அதாவது 30 சதவீத டியூட்டி சைக்கிள்) என்றால் எஃபெக்டிவ் கரண்ட் 16 ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். அதனால்தான் அந்த மெஷினை 16 ஆம்பியர் பிளக்கோடு விற்க முடிகிறது. புதிதாக வருபவர் பிளக்கைப் பார்த்து 16 ஆம்பியர் மெஷின் என்று நினைத்துக்கொள்கிறார், அது வேலை நேரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு இழுக்கிறது.

தகடு அழிந்துபோயிருந்தால் நாமே கணக்குப் போடலாம். ராடு வெல்டிங்குக்கு ஆர்க் வோல்டேஜை 20 + (0.04 × ஆம்பியர்) என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 80 ஆம்பியரில் 2.5 மிமீ ராடு ஓட்டினால் 23.2 வோல்ட், பெருக்கினால் சுமார் 1,860 வாட். சாதாரண இன்வெர்ட்டருக்கு 80 சதவீதத் திறன், 0.7 பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் சுமார் 14.5 ஆம்பியர். அதே மெஷினில் 3.15 மிமீ ராடை 110 ஆம்பியரில் ஓட்டினால் கிட்டத்தட்ட 21 ஆம்பியர். ஆக, 16 ஆம்பியர் சாக்கெட்டில் 2.5 மிமீ ராடு நிம்மதியாக ஓடும், 3.15 ராடு தகராறு செய்யும். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் என்றால் திறனும் பவர் ஃபேக்டரும் இன்னும் குறைவு, அதே வேலைக்குக் கூடுதலாகவே இழுக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடும்: மெஷினும் நல்லா இருக்கு, லைனும் நல்லா இருக்கு, கேட்பதுதான் அதிகம்.

பிரேக்கர் எப்போது விழுகிறது?

'அடிக்கடி டிரிப் ஆகுது' என்று சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த நொடியில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மெஷின் சுவிட்சைப் போட்டதுமே, ராடைத் தொடும் முன்பே டப்பென்று விழுந்தால், அதுவும் எப்போதாவது ஒருமுறைதான் விழுந்து திரும்பப் போட்டால் நிற்கிறது என்றால், அது தொடக்கப் பாய்ச்சல். டிரான்ஸ்பார்மரின் இரும்பு மையம் காந்தமாகும்போதும், இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போதும் கண நேரத்துக்குப் பெரிய கரண்ட் பாயும். பி வகை பிரேக்கர் தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே உடனடியாக விழும், சி வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும், டி வகை 10 முதல் 20 மடங்கு வரை. பி வகையில் இருந்தால் அதே ஆம்பியரில் சி வகை மாற்ற முடியுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். சில லைன்களில் ஷார்ட் ஆகும்போது சி வகையை உடனே விழவைக்கும் அளவுக்குக் கரண்ட் வராது, அதை அவர் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் தவறாமல் விழுந்தால் அது பாய்ச்சல் இல்லை, உள்ளே ஷார்ட். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதில் லாபமே இல்லை, மெஷின் ரிப்பேருக்குப் போகட்டும்.

நல்லபடியாக வெல்டு ஓடி, ரெண்டு மூன்று ராடு கரைந்த பிறகு விழுந்தால் அது ஓவர்லோடு. பிரேக்கருக்குள் இருக்கும் பைமெட்டல் பட்டை சூடேறி வளைந்து விழவைக்கிறது, அதற்கு நேரம் பிடிக்கும். 16 ஆம்பியர் பிரேக்கர் 20 ஆம்பியரில் சட்டென்று விழாது, நிறைய நேரம் பொறுத்துப் பார்க்கும். மருந்து எளிது: கரண்டைக் குறையுங்கள், மெல்லிய ராடுக்கு மாறுங்கள், அதே லைனில் ஓடும் ஹீட்டர், மோட்டார், ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ராடுக்கு ராடு இடைவெளி விடுங்கள்.

இந்த இடத்தில்தான் யாராவது வந்து '32 ஆம்பியர் பிரேக்கர் மாட்டிடு, சரியாயிடும்' என்பார். டிரிப் ஆவது நிற்கும், உண்மைதான். ஆனால் பிரேக்கர் காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. 2.5 சதுர மிமீ ஒயர் இருக்கும் லைனில் 16 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர் இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே 32 போட்டால் சூடேறுவது ஒயர், அது இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள். பெரிய ராடு ஓட்டியே ஆக வேண்டும் என்றால் போர்டிலிருந்து தனி லைன், அதற்கேற்ற தடிமனான ஒயர், அப்புறம்தான் 32 ஆம்பியர் பிரேக்கரும் சாக்கெட்டும்.

பிரேக்கர் நிற்கிறது, பக்கத்தில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கர்தான் விழுகிறது என்றால் கதை வேறு. அது அதிக கரண்டுக்கு விழுவதில்லை, கரண்ட் எர்த்துக்கோ உடலுக்கோ கசிந்தால் விழும். ஈரமான இடத்தில் வைத்த மெஷின், தூசியும் இரும்புத் துகளும் சேர்ந்து அப்பிய உட்புறம், நசுங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் சந்தேக வரிசையில் வரும். வேறு எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள், வெவ்வேறு லீக்கேஜ் பிரேக்கரில் இருக்கும் இரண்டு லைனிலும் போட்டுப் பாருங்கள். எங்கே போட்டாலும் மெஷினோடு சேர்ந்தே விழுகிறது என்றால் மெஷினில்தான் கசிவு. எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுவது, லீக்கேஜ் பிரேக்கரை பைபாஸ் செய்வது இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரும்பைப் பிடித்துக்கொண்டு, வியர்த்த கையோடு, தரையில் மண்டியிட்டு செய்யும் வேலை இது.

வோல்டேஜை ஆர்க் எரியும்போது பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். சாக்கெட்டில் மல்டிமீட்டரைக் குத்தி 230 காட்டுகிறது, அதனால் சப்ளை சரி என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய ஏமாற்று. லோடு இல்லாத லைனில் வோல்டேஜ் நன்றாகத்தான் காட்டும். கருகிப்போன, ஒரே ஒரு இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாயின்ட்கூட மீட்டருக்கு 230 கொடுக்கும். ஆர்க் எரிந்து 15, 20 ஆம்பியர் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் மீட்டர் முனை என்று சர்க்கஸ் காட்ட வேண்டாம். சாக்கெட்டில் அப்படியே செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன டிஸ்ப்ளே கிடைக்கிறது. மெஷின் செருகியிருக்கும் அதே பாக்ஸின் பக்கத்து ஓட்டையில் அதைச் செருகி, ஒருவரை அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்க்கைப் பார்க்காமல் திரும்பி நிற்கட்டும். நீங்கள் ஒரு பழைய இரும்புத் துண்டில் முழு ராடு ஓட்டுங்கள்.

சும்மா இருக்கும்போது 232, ஆர்க்கில் 225 என்றால் கவலையில்லை. 232லிருந்து 205க்கு விழுந்தால் நடுவில் எங்கேயோ 27 வோல்ட் சூடாகக் கரைகிறது. அடுத்து டிஸ்ப்ளேயை எக்ஸ்டென்ஷனின் மறுமுனைக்கு, சுவர் சாக்கெட் பக்கம் மாற்றி இன்னொரு ராடு ஓட்டுங்கள். அங்கே 226 காட்டினால் எக்ஸ்டென்ஷன்தான் தின்கிறது. அங்கேயும் 207 என்றால் வீட்டு ஒயரிங்கோ அதற்கு முன்னால் உள்ள லைனோ. ஆர்க் எரியும்போது மற்ற அறைகளின் விளக்குகளும் சேர்ந்து மங்கினால் அந்த இடம் மீட்டர் போர்டு பக்கமோ வெளி லைனிலோ இருக்கிறது. சில விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள், மெயினையும் அணையுங்கள். நியூட்ரல் விட்டுப்போகும் அறிகுறி அது, வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானையும் எரித்துவிடும்.

வோல்டேஜ் குறைந்தால் இரண்டு வகை மெஷினும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன, இதைத் தெரிந்து வைத்திருந்தால் நிறையக் குழப்பம் தீரும். டிரான்ஸ்பார்மர் மெஷின் உள்ளே வருவதை அப்படியே குறைத்து வெளியே தள்ளும். உள்ளே பத்து சதவீதம் குறைந்தால் வெளியேயும் பத்து சதவீதம் குறையும், ஆர்க் சோர்ந்து போகும், ராடு ஒட்டும். இன்வெர்ட்டரோ வெளியே சொன்ன கரண்டைக் கொடுத்தே தீருவேன் என்று நிற்கும், அதற்காகச் சுவரிலிருந்து இன்னும் கூடுதலாக இழுக்கும். 230ல் 21 ஆம்பியர் இழுத்தது 200ல் 24 ஆம்பியர் இழுக்கும். அதனால் ஒயர் இன்னும் சூடாகும், வோல்டேஜ் இன்னும் விழும், கடைசியில் பிரேக்கர் விழும் அல்லது மெஷினே குறை வோல்டேஜ் என்று விளக்கு காட்டி நின்றுவிடும். வெல்டு நன்றாகத்தான் வந்தது, திடீரென்று நின்றது என்று இன்வெர்ட்டர்காரர்கள் சொல்வது இதனால்தான்.

கரண்டையும் அளக்க ஆசையிருந்தால் கிளாம்ப் மீட்டர் வேண்டும். அதை முழு ஒயரையும் சுற்றி மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துவிடும். தனியாகப் பிரிந்திருக்கும் ஒற்றை ஒயரைச் சுற்றி மாட்ட வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர்

30 மீட்டர் நீளம், 1.5 சதுர மிமீ தாமிர ஒயர். போக 30, வர 30, ஆக 60 மீட்டர், அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.7 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் 11 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், 180 வாட் அளவுக்கு ஒயரே சூடாகும். அதையே சுருளில் சுற்றியபடி வைத்து ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுச்சுற்றில் உள்ள இன்சுலேஷன் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெளியே தொட்டால் லேசான வெதுவெதுப்புதான் தெரியும், உள்ளே உருகிக்கொண்டிருக்கும். ஆகவே எவ்வளவு தூரம் வேண்டுமென்றாலும் சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் சுவிட்ச். 2.5 சதுர மிமீ ஒயரில் அதே தூரத்துக்கு இழப்பு 7 வோல்ட்டுக்குள் நிற்கும். மொபைல் சார்ஜருக்கு வைத்திருக்கும் மல்டி பிளக் பாக்ஸை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

பத்து நிமிடம் வெல்டு அடித்துவிட்டு மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று பின்னில் ஒன்று மட்டும் சுடுகிறதா? அதன் அடிப்பகுதி பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் பளபளப்பு போய் நீலம் பாய்ந்திருக்கிறதா? மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் அடிக்கிறதா? சாக்கெட்டுக்குள் இருக்கும் பிடி தளர்ந்திருக்கும், அல்லது பிளக்குக்குள் ஒயரை இறுக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு அதன் ஸ்குரூவை நீங்களே இறுக்கலாம். பழுப்பேறிய சாக்கெட்டை மாற்றத்தான் வேண்டும், ஒருமுறை சூடேறித் தளர்ந்த பிடி மறுபடி இறுகாது.

உள்ளே வருவது சரி, வெளியே?

ஆர்க்கிலும் வோல்டேஜ் நிற்கிறது, பிரேக்கரும் விழவில்லை, ஆனாலும் ராடு ஒட்டுகிறது. இனி மெஷினுக்குப் பின்னால் தேடுங்கள். இங்கே 100 ஆம்பியர் ஓடுகிறது, இருப்பதோ 24 வோல்ட்தான், அதனால் சின்னத் தளர்வுக்கும் பெரிய விலை. ஒரு ஜாயின்ட்டில் 0.05 ஓம் இருந்தாலே 5 வோல்ட் போச்சு, அந்த இடத்தில் 500 வாட் சூடு.

அந்தச் சூடுதான் காட்டிக்கொடுக்கும். ரெண்டு ராடு ஓட்டிவிட்டு, மெஷினை அணைத்து, எர்த் கிளாம்ப், லக் (கேபிள் முனையில் மாட்டிய உலோகக் கண்ணி), ஹோல்டர் பிடி, மெஷினில் செருகித் திருகும் முனை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். எது மற்றவற்றைவிடச் சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. செருகித் திருகும் முனையைப் புதியவர்கள் செருகுவார்கள், திருக மறந்துவிடுவார்கள், அல்லது பாதி திருகி விடுவார்கள். இறுகி நிற்கும்வரை திருக வேண்டும். எர்த் கிளாம்ப் பெயின்ட் மேலோ துரு மேலோ உட்கார்ந்திருந்தால் கிரைண்டரால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்காவது இரும்பு பளிச்சென்று தெரியும்படி சுரண்டிவிட்டுக் கடியுங்கள். வெல்டு அடிக்கும் துண்டிலேயே கடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயிலோ கட்டடக் கம்பியிலோ மாட்டினால், வெல்டிங் கரண்ட் வேறு மெஷின்களின் எர்த் ஒயர் வழியாகத் திரும்பி அதையே எரித்துவிடலாம்.

மெஷினோடு மலிவாக வரும் கேபிள்கள் சிலவற்றில் உள்ளே தாமிரம் பூசிய அலுமினியம் இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். சுடும், லக் அடிக்கடி தளரும்.

மல்டிமீட்டரை ராடு பக்கத்துக்கும் எர்த் பக்கத்துக்கும் நடுவே வைத்து, வெல்டு அடிக்காமல் அளந்தால் சாதாரணமாக 50 முதல் 80 வோல்ட் வரை காட்டும். இன்வெர்ட்டருக்கு மீட்டரை டிசியில் வையுங்கள், ஏசி டிரான்ஸ்பார்மருக்கு ஏசியில். 15 வோல்ட் மாதிரிதான் காட்டுகிறது என்று பதறுவதற்கு முன் மெஷினில் விஆர்டி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஷாக் அடிக்காமல் இருக்க, வெல்டு அடிக்காத நேரத்தில் வோல்டேஜைக் குறைத்து வைக்கும் ஏற்பாடு அது. அதுவே ராடு பிடிக்கக் கொஞ்சம் அடம் பிடிக்கவும் காரணமாகலாம். ஈரம் ஏறிய ராடும் கரண்ட் கோளாறு மாதிரியே நடிக்கும், புதுப் பாக்கெட்டில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்து வெல்டு நின்றுபோனால் பெரும்பாலும் சூடுதான். அணைக்காதீர்கள், ஃபேன் ஓடட்டும், தானே ஆறி வரும். நாலு ராடுக்கே இப்படி ஆனால் காற்று வழியில் தூசி. ஃபேன் ஓடவே இல்லை என்றால் ரிப்பேர்.

ஜெனரேட்டரில் ஓட்டினால்

வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், கேவிஏவைப் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண்) பாருங்கள். முன்னே போட்ட கணக்கில் 110 ஆம்பியர் வெல்டுக்கு 230 வோல்ட்டில் 21 ஆம்பியர், அதாவது 4.8 கேவிஏ வந்தது, அதற்கு மேல் தாராளமாக இடம் வேண்டும், அதனால் 7 கேவிஏ மாதிரி இருந்தால் நல்லது. சின்ன ஜெனரேட்டரில் ஆர்க் விட்டதும் லோடு திடீரென்று போய் வோல்டேஜ் எகிறும், அதில்தான் இன்வெர்ட்டர் மெஷின்கள் சாகின்றன. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏவிஆர் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் மெஷின் ஜெனரேட்டருக்கு ஏற்றதா என்று அதன் கையேட்டிலும் பாருங்கள். ஜெனரேட்டரைக் கிளப்பி அது நிலைக்கு வந்த பிறகே மெஷின் சுவிட்ச், நிறுத்தும்போது முதலில் மெஷின்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது 'ஓடல' என்று மட்டும் சொல்லாமல், சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், ஆர்க்கில் எத்தனை, எந்த ராடு, எந்த நொடியில் நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள்.